பங்களாவும் லயமும்: யாருக்கு அது பழங்காலம்?

ஹட்டன் பக்கத்திலிருந்து தங்கச்சி மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளைக் கோட்டு, கையில் தட்டு, தட்டில் தேநீர்க் கோப்பை. பின்னால் பழைய துரை பங்களா ஒன்று. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை குடியிருந்த அந்த வீட்டில் இப்போது வெளிநாட்டுப் பணக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.

அம்மாவிடம் காட்டினேன். 1974-இல் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவள் அம்மா. அவளுடைய தங்கச்சி குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாள்.

"அப்புவா இருக்கானா?"

"இல்லம்மா. பட்லர்னு பேரு."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. துரைக்கு டீ ஊத்துறவன்தானே அப்பு. இப்ப யாரு துரை?"

"காசு குடுக்கிறவன் ஒரு ராத்திரிக்குத் துரை."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்தவன் பட்ட பாட்டின் மேல் கட்டிய வீட்டில், அந்தக் காலத்தின் சுகத்தை மட்டும் விலைக்கு வாங்கி அனுபவிக்கலாமா? வாங்குகிறவனுக்கு அதில் குற்றம் உண்டா? விற்கிறவனுக்கு? தட்டு ஏந்தி நிற்கிற நம் பிள்ளைக்கு?

முதலில் அந்த வீடு எப்படி வந்தது என்று பார்ப்போம். கண்டி மலைக் காடுகளை 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் சட்டத்தை வைத்து ஆங்கிலேய அரசு முடிக்குரிய நிலமாக்கிக்கொண்டது. சிங்களக் குடியானவன் தன் பாத்தியதைக்குப் பட்டயம் காட்ட முடியாமல் நின்றான். அந்த நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. 1869-இல் இலையில் துருநோய் கண்டது, கோப்பி அழிந்தது. 1867-இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தான். டெய்லர் பெயர் ஆண்டோடும் ஏக்கரோடும் நிற்கிறது. காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, கன்று நட்ட கைகளுக்குப் பெயரில்லை.

அந்தக் கைகள் யாருடையவை என்று நமக்குத் தெரியும். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று ஊர் ஊராகக் கங்காணி போய்ப் பிடித்து வந்த சனம். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள்தான் அதில் மிகுதி. தாது வருஷப் பஞ்சம் 1876-78-இல் ஊரைக் காலி பண்ணியபோது இன்னும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்ததில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. பிழைத்தவர்களுக்கு லயம். நீளமான ஒரே கட்டடத்தில் வரிசையாக அறைகள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதற்குள் ஒரு குடும்பம். துரை பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரும் சேரியும் கடல் தாண்டிப் போனால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"பங்களா ரோட்டுல குடைய மடக்கிட்டுத்தான் போகணும், மழையா இருந்தாலும்" என்பாள் அம்மா. ஊரில் ஆண்டை செருப்பைக் கழற்றச் சொன்னான். மலையில் துரை குடையை மடக்கச் சொன்னான். விடியுமுன்னே தப்பு அடித்துச் சனத்தை எழுப்பிப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். நம்முடைய தப்பு துரையின் கடிகாரமாயிற்று.

இதையெல்லாம் சொன்னால் சிலர் கேட்பார்கள்: "பங்களாவை இடிக்கச் சொல்றீங்களா?" இல்லை. கட்டடம் என்ன பாவம் செய்தது? அதன் கல்லைச் சுமந்ததும் நம்ம ஆள்தான். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1996-இல் ஓட்டலாக்கினார்கள். பழைய எஞ்சினைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எஞ்சினைப் பார்ப்பதில் தப்பில்லை. என் கேள்வி வேறு.

பங்களாவில் விற்கப்படுவது கட்டடமா? கட்டடம் மட்டும் என்றால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். அங்கே விற்கப்படுவது ஒரு உறவு. காலையில் கட்டிலுக்கே டீ வரும். மாலையில் ஒருவன் வந்து கணப்பில் தீ மூட்டுவான். கூப்பிடுமுன்னே வந்து நிற்பான். துரையாக இருப்பது எப்படி இருக்கும் என்ற சுகம்தான் சரக்கு. துரை இருக்க வேண்டுமானால் அப்பு இருந்தே ஆக வேண்டும். மாளிகையைப் பாதுகாக்கிறோம் என்கிறார்கள். கூடவே, குனிந்து நிற்கிற முதுகையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள்.

சில இடங்களில் விருந்தாளிக்குக் கூடை மாட்டிக் கொழுந்து பறிக்க விடுகிறார்கள். அரைமணி நேரம் பறித்து, படம் எடுத்துக்கொண்டு, கூடையைக் கழற்றிவிடலாம். பக்கத்து மலையில் நிற்கிற பெண் பதினெட்டு கிலோ, இருபது கிலோ எடுத்தால்தான் அவளுக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். அட்டை கடித்தாலும் மழை கொட்டினாலும் கூடையைக் கழற்ற முடியாது. கழற்றிவிட முடிகிறவனுக்குத்தான் அது அனுபவம்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கம்மாவே சொல்வாள்: "வெள்ளைக்கார துரை காலம் தேவலடா." அவள் மட்டுமல்ல, மலையகத்துக் கிழவர்கள் பலர் சொல்வதுதான். அப்படியென்றால் அவளுக்கும் அந்தப் பயணிக்கும் ஒரே ஏக்கமா?

இல்லை. காலனியம் முடிந்தது 1948 பிப்ரவரியில். அதே 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டுமந்தை போலப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர் கதை பிறகு பார்ப்போம் என்றார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் இரண்டாயிற்று. நாடற்றவர் பிரச்சினை தீரச் சட்டம் வந்ததே 2003-இல்தான். 1972-லும் 1975-லும் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992-இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. துரையின் தோல் நிறம் மாறியது. பங்களா மேட்டிலேயே இருந்தது, லயம் பள்ளத்திலேயே இருந்தது.

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கர் வெள்ளையரைப் பார்த்து, உங்கள் ஆட்சிக்கு முன் தீண்டப்படாதவன் எந்த நிலையில் இருந்தானோ அந்த நிலையில்தானே இப்போதும் இருக்கிறான் என்று கேட்டார். சுயராஜ்யம் வந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்றும் அதே மூச்சில் கேட்டார். இரண்டு கேள்வியும் நமக்கு வேண்டும். அம்மாவின் "தேவலை" வெள்ளையனுக்குக் கொடுக்கிற சான்றிதழ் இல்லை, பின்னால் வந்தவன் மேல் வைக்கிற குற்றச்சாட்டு. பயணியின் ஏக்கம் யார் மேலும் எதையும் கேட்பதில்லை. பணத்தைக் கட்டிவிட்டு மெத்தையில் சாய்ந்துகொள்கிறது.

நம் பக்கத்தையும் பேசுவோம். கங்காணிகளில் பெரும்பாலோர் மேல்சாதிக்காரர்கள். லயத்திலும் சாதிக்கொரு வரிசை பிரித்தார்கள். துரை அதைத் தடுக்கவில்லை, அவனுக்கு அது வசதி. ஆகவே துரையை மட்டும் திட்டிவிட்டு முடித்துக்கொள்கிற மலையக வரலாறும் ஒருவகைப் பங்களாதான். அதற்குள்ளும் நமக்கு இடமில்லை.

பழமை என்று எதைச் சொல்லலாம்? முடிந்துபோனதைத்தான் பழமை என்று சொல்ல முடியும். மாட்டுவண்டியைக் காட்சிக்கு வைக்கலாம், ஏனென்றால் நாம் இறங்கிவிட்டோம். லயத்திலிருந்து சனம் இன்னும் இறங்கவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்று 2015-க்குப் பிறகு திட்டம் வந்தது. இன்னமும் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பழைய காம்பராவில்தான். நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆனது 2021-இல், 1,350 ஆனது 2024-இல். அந்தக் கூலிக்கு மாசம் பூரா பேர் போட்டாலும் பங்களாவில் ஒரு இரவுக் கட்டணம் கட்ட முடியாது. ஒருத்தன் வாழ்ந்துகொண்டிருக்கிற வாழ்க்கையை இன்னொருத்தனுக்கு "கடந்தகாலம்" என்று விற்பது பொய். கூலியைவிட, கூரையைவிட, இந்தப் பொய்தான் என்னை உறுத்துகிறது.

வேறு மாதிரியும் நினைவுகூர முடியும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகாக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே 2007-இல் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 2023-இல், வந்து 200 வருஷம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சனம் மறுபடி நடந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டுச் செத்த கோவிந்தனின் பெயரை இன்னும் சொல்கிறார்கள். பங்களாவின் வரவேற்பறையில் துரைமார் படங்களுக்குப் பக்கத்தில் கோவிந்தன் பெயரை எழுதி வைப்பார்களா? வைத்தால், அங்கே உட்கார்ந்து தேநீர் குடிப்பது கொஞ்சம் கடினமாகும். கடினமாகட்டும்.

தங்கச்சி மகனிடம் என்ன சொல்வது? "வேலையை விடு" என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவன் ஆத்தா கொழுந்தெடுத்துச் சம்பாதித்ததைவிட அவன் அதிகம் சம்பாதிக்கிறான். வெட்கப்பட வேண்டியது அவனல்ல. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த வருமானத்தில் லயத்துக்கு என்ன பங்கு? காணி யார் பேரில்? வருகிறவனுக்குச் சொல்லப்படும் கதையில் யார் இருக்கிறார்கள்?

அவனோடு பேசினேன். "ராத்திரி வேலை முடிஞ்சா எங்கடா படுக்கிற?"

"லயத்துலதான் மாமா. கீழ பத்து நிமிஷ நடை."

"வர்ற வெள்ளைக்காரங்க யாராச்சும் அங்க வந்து பாத்திருக்காங்களா?"

"அந்தப் பாதைய அவங்களுக்குக் காட்றதில்ல மாமா."