விரல் உயரப் படையும் ஒரு வினாவும்

பொம்மையைப் பேணுதல் சிறுவர்க்கு உரிய செயல், பெரியோர்க்கு அது தகாது என்று உலகம் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றது. நவராத்திரியின் ஒன்பது இரவும் கொலுப்படியின் முன் அமரும் தமிழர்களாகிய நாம் அத்தீர்ப்பை முற்றும் ஏற்றுக்கொண்டவர்கள் அல்லோம். பண்ணுருட்டியிலும், மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் மண்ணைக் குழைத்து உருச்செய்யும் குடும்பங்கள் இன்றும் தொழில் நடத்துகின்றன என்றால், அதற்குக் காரணம் சிறுவர்கள் மட்டும் அல்லவே! எனினும், கொலுவில் வைக்கும் பொம்மை வேறு. போருக்கு வைக்கும் பொம்மை வேறு. முன்னது வழிபாட்டின் நிழலில் நிற்கின்றது. பின்னதற்கு அந்நிழல் இல்லை. விரல் உயர வீரனை வாங்கி, வண்ணம் தீட்டி, பெயரிட்டு, மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிக் கொன்று விளையாடும் நாற்பத்தாறு வயது மனிதனைப் பற்றி என்ன சொல்வது? அம்மனிதர் யாமே ஆதலின், இவ்வினாவை ஒதுக்கிவிட எமக்கு வழியில்லை.

இது எம்மைப் பற்றிக்கொண்ட வகையை முதலில் கூறிவிடுகின்றோம். புணே நகரில் தீபாவளி நெருங்கும்போது வீட்டு முற்றங்களிலும் குடியிருப்புகளின் மூலைகளிலும் சிறுவர்கள் கோட்டை கட்டுவர். ‘கில்லா’ என்பது அதற்கு இங்கு வழங்கும் பெயர். கல்லையும் செங்கல்லையும் அடுக்கி, சேற்றில் தோய்த்த சாக்கை மேலே போர்த்தி, கடுகைத் தூவி நீர் தெளித்துவந்தால், நாலைந்து நாளில் மலைச்சரிவில் புல் முளைத்தது போன்ற தோற்றம் வந்துவிடும். உச்சியில் அரியணையில் சிவாஜி மன்னர். படிகளில் ‘மாவளா’ எனப்படும் மலைநாட்டு வீரர். அடிவாரத்தில் பால்காரி, உழவன், திருகை அரைக்கும் பெண். சிலபோது ஒரு புலியும் இருக்கும். அது கோட்டை வாயிலைவிடப் பெரிதாக இருக்கும். அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. இவ்வுருவங்களைக் கசபா பேட்டையின் கும்பார்வாடாவில் குவித்து வைத்து விற்கின்றனர். 

போபோடியில் எம் குடியிருப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் மராத்திப் பிள்ளைகளும் சேர்ந்தே கோட்டை கட்டுவது வழக்கம். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மராட்டியப் படையரண்கள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அவ்வாண்டுத் தீபாவளிக்கு எந்தக் கோட்டை என்ற பேச்சு எழுந்தபோது, எம் மகன் செஞ்சிதான் என்று அடித்துக் கூறிவிட்டான். 1677-இல் சிவாஜி மன்னர் கைப்பற்றியதும், பின்னர் அவர் மகன் இராசாராம் அடைக்கலம் புகுந்திருந்து, முகலாயரின் நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698-இல் வீழ்ந்ததுமான கோட்டை அது. முற்றுகை என்றால் முற்றுகையிடுவோர் வேண்டும் அன்றோ? கும்பார்வாடாவில் யாம் புகுந்த கடையில், “எதிரிப் படை இருக்கிறதா?” என்று கேட்டோம். கடைக்காரர் சிரித்தார். “எதிரியை யார் காசு கொடுத்து வாங்குவார், சாகேப்?” என்றார்.

அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. ஏனெனில், எதிரியைக் காசு கொடுத்து வாங்கும் கூட்டமொன்று உலகில் உண்டு. எம் மகன் வாயிலாக யாமும் அதில் சேர்ந்திருந்தோம்.

பொம்மைப் போரை வளர்ந்தவர்களின் ஆட்டமாக அச்சில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறு நூலில் அதன் விதிகளை வகுத்தார். வில்விசையால் சிறு மரத்துண்டை எறியும் பொம்மைப் பீரங்கியைத் தரையில் குப்புறப் படுத்து இயக்கியவர் அவர். மெய்ப்போரைவிட இச்சிறு போர் எவ்வளவோ மேலானது என்பது அந்நூலில் அவர் கொண்ட முடிபு. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. பின்னாளில், 1974-இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டமும், 1983-இல் இங்கிலாந்தில் ‘வார்ஹேமர்’ ஆட்டமும் தோன்றி, வரலாற்றுப் படைகளின் இடத்தில் அரக்கரையும் குள்ளரையும் மந்திரவாதிகளையும் கொண்டுவந்து நிறுத்தின. இப்பொம்மைகள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவின. முன்னர்க் காரீயக் கலவையில் வார்த்தனர்; அது நஞ்சென்பதால் இன்று வெள்ளீயம், பிளாஸ்டிக், பிசின் ஆகியவற்றில் வருகின்றன. விலையைப் பற்றிப் பேச எமக்கு விருப்பமில்லை; எம் இல்லத்தரசி இம்மலரைப் படிப்பவர்.

இவற்றுள் எம்மைக் கவர்ந்தது பெரும்படைப் போர் அன்று, சிறுபூசல் வகை. ஒரு பக்கத்திற்குப் பத்துப் பன்னிரண்டு பேர், அவ்வளவே. நம் முன்னோர் வெட்சி, கரந்தை என வகுத்தது இதனையே அன்றோ? நாற்படையும் திரண்டு நிற்கும் பெருங்களத்தில் வீரன் ஒரு எண். ஆநிரை கவரப்போன சிறு கூட்டத்தில் அவனுக்குப் பெயர் உண்டு, இறந்தால் கல்லும் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் வெளிப்பட்ட தமிழ்-பிராமி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பானின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அரசர் பலரின் பெயர் அழிந்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மடிந்தவன் பெயர் ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கின்றது.

வண்ணம் தீட்டும் வேலை பொறுமையைச் சோதிப்பது. முதலில் அடிப்பூச்சு, அது காயாமல் தொட்டால் எல்லாம் பாழ். பின் வண்ணத்தை நீர்விட்டு இளக்கி, மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை பூசவேண்டும். கருமையான நீர்த்த வண்ணத்தை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் தேங்கி நிழலாகும். தூரிகையை ஏறத்தாழ உலர்த்திக்கொண்டு மேடுகளில் மட்டும் தேய்த்தால் ஒளியாகும். கண்தான் கடைசிச் சோதனை. ஒரு மில்லிமீட்டரும் இல்லாத இடத்தில் வெண்மை வைத்து, அதன்மேல் கருமணி வைக்கவேண்டும். கோயிற் சிற்பி கண் திறக்கும்வரை சிலை கல்லே என்பர். அவ்வளவு பெரிய சொல்லை இவ்வளவு சிறிய செயலுக்குப் பயன்படுத்துவது தகாது என்பதை அறிவோம். எனினும், கண் வைத்த பின் ஒரு பொம்மையைத் தூக்கி எறிய எமக்குக் கை வந்ததில்லை.

இந்த ஆட்டங்களுள் 1999-இல் வெளிவந்த ‘மோர்டைம்’ என்பது ஒன்று. இடிந்த நகரமொன்றில் சிறு கும்பல்கள் செல்வம் தேடிப் பொருதும் ஆட்டம். களத்தில் வீழ்ந்தவன் இறந்தானா பிழைத்தானா என்பதை ஆட்டம் முடிந்தபின் பகடையே முடிவு செய்கின்றது. தலைவர்களுக்கு அதில் நீண்டதோர் அட்டவணை உண்டு: கால் முறிந்தது, ஒரு கண் போயிற்று, பகைவர் சிறைப்பிடித்தனர், முழுதும் தேறினான் எனப் பல வகை. ஏவலர்க்கோ ஒரே பகடை; ஒன்றோ இரண்டோ விழுந்தால் சாவு, மற்றவை விழுந்தால் பிழைப்பு. முதன்முறை இவ்விதியைப் படித்தபோது யாம் வாய்விட்டுச் சிரித்தோம். இருபது ஆண்டுகளாகப் படைவீரர் ஆவணங்களைப் பேணும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர்க்கு அவ்விதி புதிதன்று. படிவத்தின் நீளமும் பதவியின் உயரமும் தொடர்புடையவை.

இனிக் கூறப்போவது எமக்குப் பெருமை தருவதன்று.

செஞ்சிக்கோட்டைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த அந்த நாள்களில், சாத்தாரா மாவட்டத்திலிருந்து ஒரு மூதாட்டி எம் மேசைக்கு வந்தார். மறைந்த மகனின் பெயர் எம் ஆவணத்தில் ஒருவகையாகவும், வங்கிக் கணக்கில் வேறுவகையாகவும் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறுபாடு. உறுதிமொழிப் பத்திரமும் ஊர்த்தலைவரின் சான்றும் வேண்டும் என்றோம். “என் மகன் பெயர் எனக்குத் தெரியாதா?” என்றார் அவர், மராத்தியில். விதி அதுதான் என்றோம். விதி அதுவேதான், யாம் கூறியதில் பிழையில்லை. அவர் தாள்களை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மாலை யாம் இரண்டரை மணிநேரம் விளக்கடியில் அமர்ந்து ஒரு மாவளாவின் கண்ணையும் இடைக்கச்சையின் முடிச்சையும் தீட்டினோம். நன்றாக அமைந்தது. மகன், “அப்பா, இது உயிரோடு பார்க்கிறது!” என்றான்.

இரவு படுக்கையில்தான் அது உறைத்தது. அம்மூதாட்டியின் முகம் எமக்கு நினைவில் இல்லை. மஞ்சள் பை நினைவில் இருந்தது, படிவத்தின் காலியான கட்டம் நினைவில் இருந்தது, முகம் இல்லை. யாம் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

நுண்ணிய பொருளின்மேல் செலுத்தும் கவனம் மனிதர்பால் செலுத்தும் கருணையாக முதிரும் என்று கலையைப் போற்றுவோர் பலர் கூறுகின்றனர். யாமும் அவ்வாறே நம்பி, இப்பொழுதுபோக்கிற்காக வாதாடி வந்தோம். ஒவ்வொரு வீரனையும் தனித்தனியே தீட்டுபவன் படையை எண்ணாகக் காணமாட்டான் என்று நண்பர்களிடம் பெருமை பேசினோம். அவ்வாதம் பொய் என்று இன்று கூற மாட்டோம். அரைகுறையானது என்று கூறுவோம். கவனம் என்பது கண்ணின் பயிற்சி. அதனை எங்கே திருப்புவது என்பது வேறொரு முடிவு. அம்முடிவைத் தூரிகை நமக்காக எடுத்துத் தராது. பொம்மை எதையும் கேட்பதில்லை, காத்திருப்பதில்லை, மறுமுறை பேருந்துக் கட்டணம் கொடுத்து வருவதில்லை. கேட்காத ஒன்றின்மேல் கவனம் செலுத்துவது எளிது. வெல்ஸின் நூலும் எந்தப் படைத்தளபதியின் கையையும் தடுத்ததாகத் தெரியவில்லை.

அப்படியாயின் பொம்மைகளைப் பெட்டியில் போட்டு மூடிவிடலாமா? அதுவும் எமக்குச் சரியாகப் படவில்லை. எம் குடியிருப்பை அடுத்துள்ள கட்கியில் 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருதன. நாள்தோறும் அந்நிலத்தின் வழியே யாம் அலுவலகம் செல்கின்றோம். அங்கே வீழ்ந்த சிப்பாய் ஒருவன் பெயரும் எமக்குத் தெரியாது. அதே கட்கியில் உலகப்போர்க் கல்லறைத் தோட்டமும் உள்ளது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அதனைப் பேணும் காமன்வெல்த் ஆணையத்தின் நெறி. ஆனால், முதல் உலகப் போரில் மடிந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர் பல்லாயிரவர்க்கு அந்நெறி சமமாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று 2021-இல் அவ்வாணையமே அறிக்கை வெளியிட்டு வருந்தியது. சிலரை எண்ணிக்கையாக மட்டுமே குறித்திருந்தனர். பெயர் எழுதுவதற்கும் ஓர் எழுத்தர் இருந்திருப்பார் அல்லரோ? அவரும் விதிப்படியே நடந்திருப்பார்.

எதிரியைப் பற்றிய கடைக்காரரின் சொல்லுக்கு வருவோம். செஞ்சியைச் சூழ்ந்த வட தமிழகத்து ஊர்களில் திரௌபதி அம்மன் விழாவின் முடிவில் படுகளம் என்றொரு சடங்கு நடைபெறும். துரியோதனனை மண்ணால் மாபெரும் உருவமாகத் தரையில் கிடத்துவர். மார்பும் மீசையும் அணிகலனும் வண்ணமும் குறைவற அமைத்து, தொடை பிளக்கும் கட்டத்தை நடித்து முடித்தபின், அவனுக்காக ஒப்பாரியும் வைப்பர். பகைவனைச் செய்வதற்கு ஓர் ஊரே மண் சுமக்கின்றது. அவனுக்காக அழவும் செய்கின்றது. மேலைநாட்டுக் கற்பனைப் படைகளில் பகைவனைப் பச்சைத்தோல் அரக்கனாக ஆக்கிவிடுவதால் அழவேண்டிய தொல்லை இல்லை. அவ்வசதி எமக்கு இனி வேண்டாம் என்று தோன்றியது.

ஆதலின் மாவளாக்கள் எட்டுப் பேரை வாங்கிவந்து, தலைப்பாகையைச் சுரண்டி மாற்றி, மெழுகால் அங்கியை நீட்டி, முகலாய வீரர்களாக்கினோம். மகள் அவர்களுக்குப் பெயர் வைக்கவேண்டும் என்றாள். ஏவலர்க்குமா என்று மகன் கேட்டான். ஏவலர்க்குத்தான் முதலில் என்றாள் அவள். ஐந்து பேருக்குப் பெயர் கிடைத்தது. அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. மூவர் அடிப்பூச்சோடு சாம்பல் நிறத்தில் முற்றுகைக்கு நின்றனர்.

விடுமுறை கழிந்த முதல் நாளே அந்தக் கோப்பை எடுத்தோம். ஊர்த்தலைவரின் சான்றுக்கு மாற்றாக, வீரனின் பள்ளிச் சான்றிதழை ஏற்கலாம் என்று பழைய சுற்றறிக்கை ஒன்று இருந்தது. அது வீரனின் கோப்பிலேயே கிடந்தது. முன்னரே தேடியிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். பெயர் திருத்தப்பட்டு அஞ்சலில் சென்றது. பெற்றுக்கொண்டதற்கான அட்டை திரும்பி வந்தது. அதில் கையொப்பத்தின் இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கின்றது. அதை யாம் இன்னும் கோப்பில் சேர்க்கவில்லை. மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருக்கின்றோம்.