உடைந்த வண்டி தர்மமாகுமா?

விபத்தில் நொறுங்கிப்போன மோட்டார் காரை அறநிலையம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவது அமெரிக்க நாட்டில் பரவலான வழக்கமாகும். தொலைபேசியில் சொன்னால் போதும். இழுவை வண்டி வாசலுக்கே வந்து எடுத்துச் செல்லும். அறநிலையம் அதனை ஏலத்திலோ, உதிரிப் பாகங்களுக்காகவோ, நம் ஊர்க் காயலான் கடை போன்ற ஓரிடத்திலோ விற்றுப் பணமாக்கிக்கொள்ளும். கொடுத்தவருக்கு ஒரு ரசீது கிடைக்கும். அதனைக் காட்டி வருமான வரியில் கழிவு கேட்கலாம். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர். ஆகவே அங்கே எழும் வினா நமக்கும் உரியதாகின்றது. நமக்கே பயன்படாத ஒன்றைக் கொடுப்பது சதக்கா ஆகுமா?

ஆகாது என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. மதீனாவின் அன்ஸாரிகள் தம் தோட்டத்துப் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் தொங்கவிடுவர். பசித்த திண்ணைத் தோழர்கள் அவற்றிலிருந்து எடுத்து உண்பர். அவருள் சிலர் சொத்தைப் பழக் குலைகளைக் கொண்டுவந்து மாட்டினர். உங்களுக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத மட்டப் பொருளைத் தேடி எடுத்துச் செலவிடாதீர்கள் எனும் கருத்துடைய அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் அப்போது இறங்கியதாக பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களிடமிருந்து விடுதலை பெற்ற பெண்ணொருவருக்குச் சதக்காவாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலையேனும் பயன்படுத்தியிருக்கலாகாதா என்று வினவினார்கள். செத்த பிராணியாயிற்றே என்றனர் தோழர்கள். உண்பதற்குத்தான் தடை எனத் தெளிவுபடுத்தினார்கள் பெருமானார். பேரீச்சம்பழத்தின் ஒரு பாதியைக் கொண்டேனும் நரகைத் தடுத்துக்கொள்ளுமாறு பணித்தவர்களும் அவர்களே.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. சொத்தைப் பழத்தை மாட்டியவரிடம் நல்ல பழமும் இருந்தது. நல்லதைத் தமக்கென வைத்துக்கொண்டு, பசித்தவன் வாய்க்கு மட்டத்தைத் தேர்ந்தார். குற்றம் அத்தேர்விலே இருந்தது. செத்த ஆட்டிலோ எவரும் எவரையும் தாழ்த்தவில்லை. வீணாகிப் போவதில் எஞ்சிய பயன் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்பதே அங்குள்ள பாடம். நொறுங்கிய வண்டியிலும் கதவும் சக்கரமும் எஞ்சியிருக்கும், எஞ்சின்கூட நன்றாயிருக்கலாம். அவற்றை விற்ற பணம் ஓர் ஏழைக்கு உணவாகுமெனில், அதனை வேண்டாமென்பது அறிவுடைமையன்று. எனவே உடைந்த வண்டியும் தர்மமாகலாம். ஆனால் அதனைப் பற்றி நாம் சொல்வது உண்மையாயிருத்தல் வேண்டும். அவ்வுண்மை மூன்று இடங்களில் சோதிக்கப்படுகின்றது.

முதலாவது, உரிமை. வண்டி முற்றும் அழிந்ததெனக் கணித்துக் காப்பீட்டு நிறுவனம் முழு மதிப்பையும் கொடுத்துவிட்டால், சிதைந்த வண்டி பெரும்பாலும் அந்நிறுவனத்துக்கே உரியதாகும். அதனைத் தாமே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, எஞ்சிய பொருளின் மதிப்பைக் கழித்துக்கொண்டே பணம் தரப்படும். தனக்கு உடைமையாக இல்லாததைத் தானம் செய்ய எவருக்கும் உரிமையில்லை என்பது ஃபிக்ஹுக் கலையின் அரிச்சுவடி. மோசடிப் பொருளிலிருந்து தரப்படும் தர்மம் ஏற்கப்படாதென நபிமொழியும் எச்சரிக்கின்றது.

இரண்டாவது, குறை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதனை மேலே வைக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மவரல்லர் எனக் கண்டித்தார்கள். சட்டம் வளைந்த வண்டியைப் பூசி மெழுகி, உயிர்காக்கும் காற்றுப்பை விரிந்து தீர்ந்ததை மறைத்து மறுபடியும் சாலையில் ஓடவிட்டால், வாங்கும் ஏழையின் உயிருக்கே உலை வைப்பதாகும். அமெரிக்க மாநிலங்கள் இத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்தில் அதன் நிலையைக் குறிக்கச் செய்வது இதனாலேயே. தர்மமாகக் கொடுத்ததால் குறையைச் சொல்லும் கடமை நீங்கிவிடாது.

மூன்றாவது, மதிப்பு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2003ஆம் ஆண்டில் 54 வண்டிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், கொடுத்தவர் வரிக் கணக்கில் எழுதிய மதிப்பில் 5 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் அறநிலையத்தின் கைக்கு வந்திருந்தது. 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்பவர், அறநிலையம் வண்டியை அப்படியே விற்றுவிடுமாயின், விற்ற தொகைக்கு மேல் கேட்க இயலாது. சட்டம் அனுமதிக்கும் கழிவைப் பெறுவது தவறன்று. நூறு டாலர் இரும்பை ஆயிரம் டாலர் தர்மமென்று எழுதுவது பொய். கொடுத்தது அறநிலையத்துக்கென்பதால் அப்பொய் புனிதமாகிவிடாது. வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வறியவர்க்கு ஈவதையும் பயன் எதிர்பார்த்துத் தருவதையும் வேறு வேறாகப் பிரித்து வைத்தார்.

இம்மூன்றிலும் தவறாதவர் தம் வண்டியைத் தயங்காமல் கொடுக்கட்டும். எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. வண்டி நொறுங்கியது, உள்ளிருந்தவர் பிழைத்தார். ஆபத்திலிருந்து மீண்டவுடன் சதக்கா செய்வது நம் இல்லங்களின் நல்வழக்கம். தப்பிய உயிருக்கு நன்றியாக, வாசலில் இடத்தை அடைத்துக் கிடந்த இரும்புக் குவியலைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாமா?

நேசிப்பதிலிருந்து செலவிடும்வரை நன்மையின் நிறைவை எய்த முடியாதென்னும் கருத்துடைய ஆலஇம்ரான் அத்தியாயத்தின் வசனம் இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் தாம் மிகவும் விரும்பிய பைருஹா தோட்டத்தையே அல்லாஹ்வுக்காகக் கொடுக்க முன்வந்தார்கள். அதனை உறவினர்க்குப் பகிர்ந்தளிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். எனவே உயிர் பிழைத்தவர் உடைந்த வண்டியோடு நின்றுவிடலாகாது. புதிய வண்டிக்கென ஒதுக்கிய பணத்திலிருந்து, எடுக்கும்போது நெஞ்சு சற்றே தயங்கும் ஒரு பங்கை எடுக்கட்டும். வைத்தியச் செலவுக்குத் திணறும் உறவினர் ஒருவருக்கு, பிறர் அறியாமல் அது போய்ச் சேரட்டும். அதற்கு ரசீதும் வாராது, வரிக் கழிவும் வாராது. கூலி அல்லாஹ்விடம் இருக்கின்றது. அத்தகைய கொடைக்கு நம் அனைவருக்கும் அவன் தவ்ஃபீக் செய்வானாக!