மறுகால் உள்ள குளம்

வீட்டுத் தோட்டத்தில் சிறியதொரு குளம் வெட்ட விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்த இடத்தில் வெட்டினால் அழகாக இருக்கும்?’ என்பதே. திண்ணையில் அமர்ந்தால் நீர் தெரிய வேண்டும். வேம்பின் நிழல் விழ வேண்டும். இரண்டு அல்லிகள் பூக்க வேண்டும். இவ்வாசைகளில் குற்றமில்லை. ஆயினும் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் பூமியில் இக்கேள்வி அழகோடு முடிந்துவிடுவதில்லை.

கரிசல் மண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழை அவ்வெடிப்புகளுக்குள் இறங்கி மறையும். பின்னர் ஈரம் குடித்த மண் உப்பி, வெடிப்புகளை மூடி, நீரைக் கீழே விடாது தாங்கி நிற்கும். குளத்திற்கு ஏற்ற இம்மண் வீட்டுச் சுவருக்கு ஆகாது. சுவரோரம் குளம் வெட்டினால், உப்பியும் சுருங்கியும் மண் அடித்தளத்தை அசைக்க, சுவரில் கீறல் விழும். மரத்தடியில் வெட்டினால் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கெடும். கண்மறைவான மூலையோ குழந்தைகளுக்கு ஆபத்து. தவழும் பிள்ளைக்கு ஒரு சாண் நீரும் ஆழமே. எனவே சுவரையும் மரத்தையும் விட்டு விலகி, அடுக்களையிலிருந்து பார்வை படும் இடமே தகுந்தது.

இவையெல்லாம் நம் வீட்டின் நன்மையைக் கருதியவை. வேலிக்கு அப்பால் இருப்பவரை எப்போது கருதுவது?

தோட்டத்தில் நீர் இயல்பாகச் சேருவது தாழ்ந்த மூலையில். அங்கேயே வெட்டலாம் என்று தோன்றும். ஆனால் பல வீடுகளில் அம்மூலை வழியாகவே மேட்டுத் தெருவின் மழைநீர் அண்டை நிலத்தைக் கடந்து ஊருணிக்கோ கண்மாய்க்கோ செல்கிறது. அங்கே கரையிட்டு மறித்தால், மழை குறைந்த ஆண்டில் கீழே உள்ளவருக்கு நீரில்லை. மிகுந்த ஆண்டில் மேலே உள்ளவர் வீட்டிற்குள் நீர் புகும். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் கரிசல் ஊர்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடித்தது ஊருணித் தண்ணீரையே. அதன் வரத்துக்காலை மறிப்பது அண்டையார் குடத்தில் கை வைப்பதற்கு ஒப்பாகும். 2023 டிசம்பரில் இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியை விஞ்சிய மழை அது. நீருக்கு வழி எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று.

‘என் நிலத்து மழை எனக்கே உரியதன்றோ?’ எனச் சிலர் கேட்கலாம். 2003-இல் தமிழக அரசும் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கேள்வி நியாயமானதே. ஆனால் நம் கூரையில் விழும் நீர் வேறு, நம் நிலத்தைக் கடந்து செல்லும் நீர் வேறு. முன்னது நம் வீட்டிற்கு வந்த விருந்தாளி, பின்னது வழிப்போக்கன். வழிப்போக்கனுக்கு நிழல் தரலாம். அவனைச் சிறை பிடிக்கலாகாது.

தொடக்க நூலில் ஈசாக்கின் ஆட்கள் கெராரில் கிணறு தோண்டினார்கள். அவ்வூர் மேய்ப்பர்கள் அந்நீர் தங்களுடையது என்று வாதாடினார்கள். இரண்டாவது கிணற்றுக்கும் அதே சச்சரவு. ஈசாக்கு விலகிச் சென்று, எவரும் சண்டையிடாத இடத்தில் மூன்றாவது கிணற்றைத் தோண்டினார். நீர் கிடைக்கும் இடத்தோடு அமைதி கிடைக்கும் இடத்தையும் அவர் தேடினார் எனலாம்.

ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்து விலகுவது நமக்கு இயலாதிருக்கலாம். நம் முன்னோர் அதற்கும் ஒரு வழி கண்டனர். கண்மாய்க்குக் கலிங்கு அமைத்தனர். நிறைந்த கண்மாய் மறுகால் பாய்ந்தது. ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்தாயிற்று. நிறையும் வரை தேக்கியது தன்னலமன்று. நிறைந்த பின்னும் தேக்கினால் கரையே உடையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆகவே, மண்வெட்டியை எடுக்குமுன் ஓர் ஐப்பசி மழையில் தோட்டத்தில் நின்று பார்ப்போம். நீர் எங்கிருந்து வருகிறது, எவருடைய நிலத்திற்குப் போகிறது எனக் கவனிப்போம். கீழ்ப்பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்போம். பின்னர் நீரோடும் தடத்தை விட்டுச் சற்று ஒதுங்கி, நம் கூரை நீரைத் தாங்கும் அளவிற்கு வெட்டுவோம். குளத்திற்கு முன்பாக அதன் மறுகாலுக்கு இடம் குறிப்போம்.