பெயர் எழுதாத கேசட்

பொங்கலுக்கு முன் பரண் ஒழிப்பது எங்கள் வீட்டு வழக்கம். செங்கல்பட்டு வீட்டுப் பரணில் இந்த முறை ஓர் அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகள் அகப்பட்டன. அண்ணன் மகள் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "இது என்ன சித்தப்பா, டிபன் பாக்ஸா?" என்றாள்.

மூடியைத் தூக்கிக் காட்டினேன். கறுப்பு நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம், இட்லி மாவு சிந்திக் காய்ந்த மாதிரி. இருபது வருஷ ஈரக்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. கேசட்டின் முதுகில் ஒட்டிய தாளில் நீல மையில் என் எழுத்து: 'அனிமாக்ஸ் – ஞாயிறு'. அவ்வளவுதான்.

2004 ஜூலையில் அனிமாக்ஸ் சேனல் இந்தியாவுக்கு வந்தது. நாள் முழுக்க ஜப்பானியக் கார்ட்டூன், பேச்சு ஆங்கிலத்தில். எங்கள் தெருக் கேபிளில் அதைப் பார்த்த சில பேரில் நானும் ஒருவன். ஒரு தொடரில், மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரயில்வே கேட்டில் நிற்பான் ஒரு பையன். பேசுவதற்கு முன் லேசாக மூச்சை இழுத்துக்கொள்வான். அவனுக்குக் குரல் கொடுத்தது ஒரு பெண் என்பது கேட்டாலே தெரியும். அமெரிக்க ஆங்கிலமும் இல்லை, லண்டன் ஆங்கிலமும் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு முதல்முறையாக மிரட்டாமல் பேசிய ஆங்கிலம் அது.

"பேர் சொல்லுங்க சித்தப்பா, ஒரு நிமிஷத்துல தேடித் தர்றேன்" என்றாள்.

பெயர் நினைவில் இல்லை. மழை நினைவிருக்கிறது, கேட் நினைவிருக்கிறது, அந்த மூச்சு நினைவிருக்கிறது. பெயர் மட்டும் போய்விட்டது.

பெயர் தெரிந்தாலும் அந்தக் குரல் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஜப்பானியத் தொடர் ஒன்று ஆங்கிலம் பேச வேண்டுமென்றால் ஒரே ஓர் ஆங்கிலம் பேசுவதில்லை. அமெரிக்கச் சந்தைக்கு ஒரு கூட்டம் பேசும். ஆசியாவில் ஒளிபரப்ப இங்கேயே இன்னொரு கூட்டம் பேசும். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு தொண்டை. அனிமாக்ஸ் ஆசியாவுக்காகத் தயாரித்த ஆங்கிலக் குரல்களில் பல, குறுந்தகடாக வெளிவரவே இல்லை. 2017இல் அந்தச் சேனல் இந்தியாவில் நின்றபோது எந்தெந்தக் குரல்கள் அதோடு நின்றன என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

டப்பிங்கின் தலையெழுத்து அது. படம் எடுத்தவனுக்கு அது வெளியூர்க்காரன் சமாச்சாரம். ஒளிபரப்பியவனுக்கு அது குத்தகை நிலம். தவணை முடிந்தால் ஏர் ஓட்ட முடியாது. பேசியவர்களுக்கு அது ஒரு நாள் கூலி. பார்த்த நாமோ "டப்பிங்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனவர்கள். நாலு பேரும் கைவிட்ட பிள்ளை எங்கே போகும்?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானில் 1963 புத்தாண்டு அன்று தொடங்கியது. மொத்தம் 193 அத்தியாயங்கள். அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது. பிரெட் லாட் என்பவர் பொறுப்பில் 104 அத்தியாயங்கள் ஆங்கிலம் பேசின. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து உரிமக் காலம் முடிந்தது. பிரதிகளைத் திருப்பி அனுப்பலாம் என்றால், படம் எடுத்த முஷி நிறுவனம் 1973லேயே திவாலாகியிருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வைத்திருக்கக் காசு, அனுப்பக் காசு. 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி அவற்றை அழித்துவிட்டது. பகை இல்லை, தடை இல்லை. கிடங்கில் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பின்னாளில் அந்த ஆங்கிலக் குரல்கள் மறுபடி கேட்டதற்குக் காரணம், தனியார் சிலர் வீட்டில் வைத்திருந்த படச்சுருள்கள். தேடியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: எத்தனை அத்தியாயம், என்ன தலைப்பு என்ற பட்டியல் கையில் இருந்தது.

நமக்கு இது புதிதா என்ன? முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, மற்றவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பதில் சொன்ன படம். இன்று ஓர் அடி சுருள்கூட இல்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேசுகிறோம். அன்றைய விளம்பரமும் பத்திரிகைக் குறிப்பும் இருப்பதால். ஐம்பெருங்காப்பியத்தில் வளையாபதி முழுதாகக் கிடைக்கவில்லை. உரைகாரர்களும் தொகுத்தவர்களும் எடுத்தாண்ட பாட்டுகள் மட்டும் எழுபதுக்குச் சற்று மேலே மிஞ்சியிருக்கின்றன.

டப்பிங்கை நகல் என்று ஒதுக்குவதற்கும் ஒரு பதில் இருக்கிறது. குணாட்டியர் பைசாச மொழியில் செய்த பிருகத்கதை அழிந்துபோயிற்று. அந்தக் கதை வழியில் வந்த கொங்குவேளிரின் பெருங்கதை, தலையும் வாலும் இல்லாவிட்டாலும், தமிழில் நிற்கிறது, உ.வே.சா. 1924இல் அதைப் பதிப்பித்தார். வேறு மொழியில் சொன்ன குரல்தான் இங்கே மூலத்தைக் காட்டிலும் நீண்ட நாள் வாழ்ந்திருக்கிறது.

எழுதி வைத்த பெயர் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு கதை. அனிமாக்ஸ் வந்த அதே 2004, டிசம்பர் 26. எங்கள் கடற்கரையில் சுனாமி. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம், புலிக்குகை இருக்கும் ஊர். அங்கே மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு பாறையை அலை கழுவிவிட்டுப் போனது. கழுவின இடத்தில் எழுத்து. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்து, அதாவது பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. திருவீழ்ச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடை கொடுத்த செய்தி. சுற்றிப் பார்த்தால் அப்படி ஒரு கோயிலே கிடையாது. ஒரு மண்மேடுதான் இருந்தது. 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அந்த மேட்டைத் தோண்டியது. பல்லவர் காலக் கோயிலின் அடித்தளம் வந்தது. அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கோயில், வடக்குப் பார்த்தபடி. கல்லில் செய்த வேல் ஒன்றும் கிடைத்தது.

நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய செங்கற்கள், இடுப்பளவுச் சுவர், சுற்றிலும் மணல், சவுக்கு. அதைக் காட்டிக்கொடுத்தது கோயிலைக் கட்டியவன் இல்லை. தக்கோலத்தில் சோழரை வென்று தொண்டைநாட்டுக்கு வந்த வெளியூர் அரசன் காலத்தில், யாரோ ஒரு கல்தச்சன் உளி பிடித்து வெட்டிய ஊர்ப்பெயரும் சாமி பெயரும். கோயில் மணலுக்குள் போனபோதும் பெயர் பாறையில் இருந்தது. அலை பாறையைத்தான் திறந்தது. கோயிலைத் திறந்தது அந்த வரி.

கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்று இதைத்தான் யோசித்தேன். பொருள் அழிவது முதல் சாவு. அப்படி ஒன்று இருந்தது என்பதே அழிவது இரண்டாவது சாவு. முதலாவதைப் பூசணமும் கடற்காற்றும் செய்கின்றன. அவற்றோடு முழுக்கச் சண்டை போட முடியாது. இரண்டாவதைச் செய்கிறவர்கள் நாம்தான், எழுதி வைக்காமல். எது தொலைந்தது என்று தெரிந்தால் தேட ஒருவன் என்றைக்காவது கிளம்புவான். தெரியாததை யார் தேடுவார்? அந்தப் பெண்ணின் குரலை நான் பூசணத்திடம் இழக்கவில்லை. 2004இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் பேனா இருந்தும், தொடரின் பெயரை எழுதச் சோம்பியபோதே இழந்துவிட்டேன்.

"தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள் அண்ணன் மகள்.

"மார்க்கர் எடுத்துட்டு வா" என்றேன்.

பெட்டியில் மொத்தம் பதினேழு கேசட். அக்கா கல்யாணம், தாத்தா சதாபிஷேகம், பங்குனித் தேர். தெரிந்த பெயர், ஊர், வருஷம் எல்லாம் எழுதினோம். அனிமாக்ஸ் கேசட்டில், 'ஒரு பையன், மழை, சைக்கிள், ரயில்வே கேட். ஆங்கிலம். பேசியது ஒரு பெண். 2004' என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பழைய சாமான்காரர் தெருவுக்கு வருவதற்குள் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கையோடு ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.