தென்வானம் உன் சொத்து, எழுந்து வா!

1676ஆம் ஆண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த எட்மண்ட் ஹாலி என்ற இருபது வயது இளைஞன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினான். எங்கே? அட்லாண்டிக் நடுவே கிடக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு. எதற்கு? இங்கிலாந்தில் நின்றால் கண்ணிலேயே படாத தென்வானத்து நட்சத்திரங்களைப் பட்டியல் போட. அங்கே அவன் குறித்துவைத்தவற்றில் ஒன்று ஒமேகா செண்டாரி. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட கொத்து.

தம்பி, தங்கையே! அதைப் பார்க்க நீ கப்பல் ஏற வேண்டாம். சித்திரை அமாவாசையை ஒட்டிய ஒரு நள்ளிரவில், ஊர் விளக்கு எட்டாத வயல்வரப்பில், தெற்கு பார்த்து நில். அடிவானத்துக்கு மேலே முப்பது டிகிரியில் மங்கிய பொட்டாக அது நிற்கும். லண்டன்காரனுக்கு அது ஆயுளுக்கும் உதிக்காது. பால்வீதியின் மையம்கூட அவனுக்கு அடிவானத்திலிருந்து பத்து டிகிரி ஏறுவதற்குள் சரிந்துவிடும். சென்னையில் அதே மையம் 48 டிகிரி ஏறுகிறது. அகத்தியர் நட்சத்திரம், தென் சிலுவை, ஆல்ஃபா செண்டாரி எல்லாம் உன் ஊர் வானத்தில் வந்து போகின்றன.

இவ்வளவையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு நீ என்ன சொல்கிறாய்? "என்கிட்ட டெலஸ்கோப் இல்ல சார்!"

வெட்கமாக இல்லை? டெலஸ்கோப் கிடக்கட்டும். உன் சட்டைப்பையில் இருக்கிறதே ஒரு மொபைல், அதை எடு. ப்ரோ மோடு இருக்கிறதா பார். ஒரு டிரைபாட் வாங்கு. அதற்கும் காசில்லை என்றால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாய்த்து வை. ஃபோகஸை முடிவிலியில் நிறுத்து. விரல் பட்டு அசையாமலிருக்க டைமரைப் போடு. பூமி சுழல்கிறது, அதனால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். எவ்வளவு நேரம் தாங்கும்? 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்துப் பார். 25 மி.மீ.க்குச் சமமான மொபைல் லென்ஸ் என்றால் 20 விநாடி. ஒரு படம் மோசமாகத்தான் வரும். புள்ளி புள்ளியாக, அழுக்காக, பார்க்கவே எரிச்சலாக இருக்கும். இங்கேதான் பாதிப் பேர் மொபைலை மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீ திரும்பாதே! அதே இடத்தில் நூறு படம் எடு. சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்று மென்பொருள்கள் இலவசமாகவே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு. நூறு படம் சேர்ந்தால் இரைச்சல், அதாவது அந்த அழுக்குப் புள்ளிகள், பத்தில் ஒன்றாகக் குறையும். இது ஊக்கப்பேச்சு இல்லை, கணக்கு. ஒற்றைப் படத்தில் காணாத விண்மேகத் திரள் நூறாவது படத்துக்குப் பிறகு கண்ணெதிரே எழுந்து நிற்கும்.

"எங்க ஊர்ல ஒரே லைட் வெளிச்சம்" என்று அடுத்த சாக்கைத் தயாராக வைத்திருப்பாய். அதற்கும் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அர்ஜென்டினாவின் ரொசாரியோ பெருநகரத்தில் பூட்டு-சாவி வேலை செய்பவர் விக்டர் பூசோ. வீட்டு மாடியில் 40 செ.மீ. தொலைநோக்கி. 2016 செப்டம்பர் 20 இரவு, புதுக் கேமராவைச் சோதித்துப் பார்ப்பதற்காக என்.ஜி.சி. 613 என்ற விண்மீன் பேரடையின் பக்கம் திருப்பினார். நகர வெளிச்சத்தில் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்தால் படம் வெளுத்துவிடும். ஆகவே இருபது இருபது விநாடியாகத் துண்டு துண்டாகப் படம் எடுத்துக்கொண்டே போனார். முதல் படங்களில் இல்லாத ஒரு புள்ளி பின்னால் வந்த படங்களில் தெரிந்தது. பார்க்கப் பார்க்கப் பிரகாசமானது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் வெடித்த முதல் வெளிச்சம் அது! பெரிய பெரிய வானோக்கு நிலையங்களுக்கு அதுவரை வாய்க்காத தருணம். 2018இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளியானபோது கட்டுரையாளர் வரிசையில் அவர் பெயரும் இருந்தது.

அதிர்ஷ்டம் என்பாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை யோசி. நகர வெளிச்சம் விதித்த கட்டாயத்தால்தான் அவர் துண்டு துண்டாக எடுத்தார். அப்படி எடுத்ததால்தான் அந்த வெளிச்சம் ஏறிய வேகம் படிப்படியாகப் பதிவானது. எந்தக் குறையைச் சொல்லி நீ வீட்டுக்குள் படுத்துக்கொள்கிறாயோ, அதே குறை அவருக்கு வேலை செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தது. இன்னொன்று: புதுப் புள்ளியைக் கேமராக் கோளாறு என்று அவர் தள்ளிவிடவில்லை. தன் கண்ணை நம்பினார். தன்னம்பிக்கை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அது இதுதான்!

"நான் பெரிய படிப்பு படிக்கலையே" என்கிறாயா? ராதா கோவிந்த சந்திரா மூன்று முறை நுழைவுத் தேர்வில் தோற்றவர். வங்காளத்து ஜெசூரில் அரசுக் கருவூலத்தில் சிறு ஊழியம். பகலெல்லாம் ரூபாய்க் கணக்கு, இரவெல்லாம் நட்சத்திரக் கணக்கு. 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் திடீரென்று முளைத்த புது நட்சத்திரத்தை வெறும் கண்ணால், தாமாகவே கண்டுகொண்டார். பிறகு ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வோர் இரவும் பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, ஒளி ஏறியதா இறங்கியதா என்று எழுதுவதுதான் வேலை. அலுப்பான வேலை, சந்தேகமே இல்லை. கைதட்ட ஆளில்லாத வேலை. 37,000க்கும் அதிகமான பதிவுகளை அவர் எழுதினார்! அந்த உழைப்பைப் பார்த்து, ஒளி மாறும் நட்சத்திரங்களுக்கான அமெரிக்கச் சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பியது. கேட்டு வாங்கிய கருவி இல்லை, எழுதி எழுதிச் சம்பாதித்த கருவி. பின்னாளில் அது வானியலாளர் வைணு பாப்பு கைக்குப் போய், நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானோக்கு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

கடன் வாங்கிக் கருவியைக் குவித்துவிட்டு, பரணில் ஏற்றி வைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து ஏங்காதே. கருவி பிந்தி வரட்டும், பழக்கம் முந்தி வரட்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கிறாயா? மார்கழி, தை இரவுகளில் தலைக்கு மேலே சிவந்து நிற்கும் திருவாதிரையில் தொடங்கு. 2020 தொடக்கத்தில் அது மங்கியபோது உலகத்து வானியலாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் கண்ணுக்கே தெரியும் மாற்றம் அது. நகரத்து மொட்டை மாடி போதும். ஒப்பிட ரோகிணி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அமெரிக்கச் சங்கம் இன்றும் யார் அனுப்பினாலும் பதிவை வாங்கிக்கொள்கிறது, பட்டம் கேட்பதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கு. தேதி போடு, நேரம் போடு, ஊர் பெயரைப் போடு. ரோகிணியைவிடத் திருவாதிரை இன்று பிரகாசமா, மங்கலா? மாடிக்கு ஏறிப் பார்த்து எழுது.