இடிபாட்டின் அழகு

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலையில் தரங்கம்பாடி போனேன். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை. 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். மனம் அதில் லயிக்கவில்லை. ராஜ்யங்கள் விற்று வாங்கும் சரக்குதானே. சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டிருக்கிறது. என்ன அழகு என்றேன். உடன் வந்த மீனவர் பதில் சொல்லவில்லை.

2004 டிசம்பரில் இதே கடல் அவர் தெருவுக்குள் புகுந்தது. அந்த இடிபாட்டை அழகென்று சொல்ல எனக்கு நா எழாது. அப்படியானால் என் ரசனை எதைப் பொறுத்தது? காலத் தொலைவையா? எத்தனை ஆண்டு போதும்? கோயில் சுவர் சரிந்த அன்றும் யாராவது கரையில் நின்று அழுதிருக்கக்கூடும். அந்த ஆள் யாரென்று தெரியாமலிருப்பது என் ரசனைக்கு வசதியாக இருக்கிறது.

இருட்டுமுன் டீ குடித்துவிடலாம் என்றார் மீனவர்.