பிறர் கையில் ஒப்படைக்கும் அமானிதம்



ஹிஜ்ரத்தின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களும் ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியவரல்லர். ஆயினும் பாதையறிந்தவர், நம்பத்தக்கவர். இரண்டு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப்பின் தவ்ர் குகைக்கு வந்துவிடும்படி வாக்குப் பெற்றார்கள். ஆகவே, வேலையை வெளியாரிடம் ஒப்படைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. திறமையையும் நம்பிக்கையையும் பார்த்து, வரையறுத்து ஒப்படைக்க வேண்டும் என்பதே நமக்குரிய பாடம்.

இன்று வியாபாரிகள் பலர் மென்பொருளை வெளியாரிடம் கொடுத்துச் செய்து வாங்குகின்றனர். அத்துடன் வாடிக்கையாளரின் விவரங்களும் கைமாறிவிடுகின்றன. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். அதன் ‘டி-கனெக்ட்’ இணையதளத்தை அமைக்கும் வேலையைப் பெற்ற வெளி நிறுவனம், மூலநிரலின் ஒரு பகுதியை 2017 டிசம்பரில் எவரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் தவறுதலாக வைத்துவிட்டது. தகவல் பெட்டகத்தின் சாவியும் அதற்குள்ளேயே இருந்தது! 2022 செப்டம்பரில்தான் விஷயம் தெரியவந்தது. 2,96,019 மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கக்கூடும் என்று டொயோட்டா அறிவித்து, மன்னிப்பும் கேட்டது.

‘தவறு செய்தவன் வெளியாள்தானே, நமக்கென்ன?’ என்று கேட்கலாமா? ஃபிக்ஹுடைய நூல்களில் ‘வதீஆ’ என்னும் பாடத்தைப் பாருங்கள். அடைக்கலமாக வந்த பொருள் பேணிக் காத்தும் அழிந்துவிட்டால், காத்தவர் மீது ஈடு இல்லை. ஆனால் உடையவரின் அனுமதியும் தக்க காரணமும் இன்றி அதை அந்நியரிடம் கொடுத்து, அது அழிந்தால் கொடுத்தவரே பொறுப்பாளியாவார். மக்கள் நம்மை நம்பித் தந்த விவரமும் இத்தகைய அமானிதமே.

நமது ஜமாஅத்துகளிலும் கணினி வந்துவிட்டது. ஜகாத் பெறும் ஏழைகளின் பட்டியல் வெளியானால், மானத்தோடு வறுமையை மறைத்து வாழும் ஒரு விதவையின் முகம் என்னாகும்? போன மானத்தை எந்த ஈட்டைக் கொடுத்து மீட்பது?

எனவே, மென்பொருள் செய்பவருக்கு உண்மையான பட்டியலைக் கொடுக்காதீர்கள். கற்பனைப் பெயர்களே சோதனைக்குப் போதும். நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் கடவுச்சொற்களை மாற்றுங்கள். இத்தொழிலிலுள்ள நம் பிள்ளைகளே! பிறர் விவரத்தை அனுமதியின்றிப் பிரதியெடுத்து வைப்பதும் கியானத்தே என்பதை மறவாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம்மனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.